கட்டிலிலிருந்து குதித்த நாய்

கை வைத்தவுடன் தெரிந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். எங்கே தெரிகிறது. இருபத்திரண்டு நாளாகிறது, இன்னும் ஒவ்வொரு தடவையும் தேடத்தான் வேண்டியிருக்கிறது. பின்னங்கால்களுக்குக் கொஞ்சம் முன்னால், வயிற்றுக்குள்ளே, எலுமிச்சம்பழம் அளவுக்கோ ஆரஞ்சு அளவுக்கோ, தண்ணீர் நிறைத்த பலூன் மாதிரி மூத்திரப்பை இரண்டு கைக்கும் நடுவில் அகப்பட வேண்டும். அகப்பட்டால் வால் பக்கமாகப் பார்த்து அழுத்த வேண்டும். மெதுவாக, ஆனால் விடாமல். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ்ஸில் ரப்பர் பந்து வைத்த ஹாரன் இருக்கும், அதை அமுக்கிப் பழகிய கை இது, கொடைக்கானல் மலையில் வளைவுக்கு வளைவு அமுக்கிய கை, மெதுவாக என்றால் என்ன என்று இதற்கு இப்போதுதான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. பிளம்ஸ் ஒருக்களித்துப் படுத்தபடி தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்க்கிறான். நாயின் பார்வைக்கு அர்த்தம் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறேன், ஆனாலும் பார்க்கிறான். இருடா ராசா, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே தடவை. கொஞ்சம் வருகிறது, கீழே விரித்த துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், அவ்வளவுதான். இது போதாது. உள்ளே இன்னும் இருக்கிறது. உள்ளேயே தேங்கினால் கிருமி பிடிக்கும், காய்ச்சல் வரும், கிட்னிக்குப் போகும், இதெல்லாம் டாக்டர் தேன்மொழி முதல் நாளே சொல்லிவிட்டார், ஒரு நாளைக்கு நாலு தடவை, காலையில் எழுந்ததும், பதினோரு மணிக்கு, நாலு மணிக்கு, படுக்கப் போகும் முன், ஒரு தடவைகூடத் தப்பக் கூடாது சார். தப்பவிடவில்லை. நான் குனிந்தால் என் முதுகெலும்பில் எல்-ஃபோரும் எல்-ஃபைவும் ஒன்றையொன்று கடிக்கின்றன. பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, சுவரில் முதுகைக் கொடுத்துத்தான் இவனை மடியருகே இழுத்துக்கொள்கிறேன். எனக்கும் டிஸ்க், இவனுக்கும் டிஸ்க். எனக்கு வந்தபோது டிப்போவில் லைட் டியூட்டி கொடுத்தார்கள். இவனுக்குத் தக்காளி டிரே நாலைச் சுற்றி வைத்துக் கம்பியால் கட்டி, மூன்றடிக்கு இரண்டரை அடியில் ஒரு சிறை. ஆறு வாரம் அதற்குள்ளேயே கிடக்க வேண்டும். ஓடக் கூடாது, ஏறக் கூடாது, துள்ளக் கூடாது. துள்ளுவதற்கு என்ன இருக்கிறது, பின்பக்கம் பாதி உடம்பு இருக்கிற ஞாபகமே இவனுக்கு இல்லை.

நான்தானே கட்டில்ல ஏத்திப் பழக்குனேன். நேற்று அமலி போனில் இப்படிச் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லவில்லை, அதுதான். அழுதிருந்தால் அழாதே என்று ஏதாவது சொல்லியிருப்பேன். பேரனுக்குத் துணி மடித்துக்கொண்டே, பக்கத்தில் மகள் ரெஜினா என்னவோ கேட்க அதற்கும் ஒரு பதில் சொல்லிவிட்டு, நடுவில், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. நான்தானே பழக்குனேன், நீங்க வேணாம் வேணாம்னுதான் சொன்னீங்க. நான் சொன்னது உண்மைதான். ஆறு வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். நாயைக் கட்டிலில் ஏற்றாதே, முடி கொட்டுகிறது, காலில் மண், மூக்கில் ஈரம். அவள் கேட்டதில்லை. நான் ராத்திரி பஸ் எடுக்கப் போனால் என் இடத்தில் இவன்தான் படுப்பான், தலையணையில் தலை வைத்து, மனுஷன் மாதிரி. நான் காலையில் வந்து பார்த்தால் ஒரு கண்ணைத் திறந்து, வந்துட்டியா, சரி, என்கிற மாதிரி மறுபடி மூடிக்கொள்வான். கொடைக்கானலில் ஒரு பங்களாவில் சமையல் செய்கிறவர் பிளம்ஸ் பழக் கூடையில் வைத்து இவனைக் கொடுத்தார், குட்டைக் கால், நீள உடம்பு, பழத்தின் நிறம். ஊருக்கு வரும்வரை இன்ஜின் மேல் கூடையில் தூங்கினான். கூடையோடுதான் அமலியிடம் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்ததும், பழம்னு நெனச்சேன் என்றாள். அதுவே பேர் ஆகிவிட்டது. நான்தானே கட்டில்ல ஏத்திப் பழக்குனேன். இந்த வாக்கியத்தை எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்? நேற்றுத்தான் என் காதில் விழுந்தது. ஓசூரில், மகள் வீட்டில், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு ஆக்கிக்கொண்டு, குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டு, இருபத்திரண்டு நாளாக இதையே மனதுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறாளா? நான் அப்படி நினைத்துச் சொல்லவே இல்லை. கட்டில்ல இருந்து குதிச்சிருச்சு என்று சொன்னேன், அவ்வளவுதான். போன் எடுத்ததும் அவள் எப்படிங்க என்று கேட்டாள், வாயில் அது வந்தது. கட்டில். எதிரே கட்டில்தான் இருந்தது. வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் வேறு எதையாவது சொல்லியிருப்பேனோ என்னவோ.

இப்போது கால் பயிற்சி. முதலில் வலது கால். தொடையை ஒரு கையில் பிடித்து, பாதத்தை இன்னொரு கையில் ஏந்தி, சைக்கிள் மிதிக்கிற மாதிரி முன்னே, மேலே, பின்னே, கீழே. பதினைந்து தடவை. ஒன்று. இரண்டு. பாதம் எவ்வளவு லேசாக இருக்கிறது. உயிரோடு இருக்கிற காலுக்கு ஒரு எதிர்ப்பு இருக்கும், நாம் இழுத்தால் அது வேண்டாம் என்று கொஞ்சம் இழுக்கும், இதில் அது இல்லை, நனைந்த துணி மாதிரி கொடுத்த இடத்தில் கிடக்கிறது. ஏழு. எட்டு. எட்டா, ஒன்பதா. அமலி ஊருக்குப் போனது வெள்ளிக்கிழமை. அன்றிலிருந்து இவன் வாசற்படியில் படுத்துக்கொண்டான். சோறு வைத்தேன், மோந்துவிட்டு விட்டுவிட்டான். ஈரல் வாங்கி வேகவைத்து வைத்தேன், ஒரு துண்டு தின்றுவிட்டு மறுபடி போய் வாசற்படி. பஸ் சத்தம் கேட்டால் காதைத் தூக்குவான். எனக்குச் சங்கடமாக இருந்தது. சங்கடம் மட்டும் இல்லை, கோபமும் கொஞ்சம். நானும் இங்கே இருக்கிறேனே, எனக்கும்தான் அவள் இல்லை, எனக்காக எவன் வாசலில் படுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எக்செல் வண்டியை எடுத்து, வாடா ஒரு ரவுண்டு போவோம் என்றேன். முன்னால் காலடியில் நிற்க வைத்துக்கொண்டேன். மூன்று நாளில் முதல் தடவையாக அவன் வால் ஆடிற்று. காற்றில் இரண்டு காதும் பின்னால் பறக்க, ஹேண்டில்பாருக்குக் கீழே மூக்கை நீட்டிக்கொண்டு, அப்படி ஒரு ராஜா மாதிரி நின்றான். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதைச் சொல்லியாக வேண்டும், அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன், அவனோடு பேசிக்கொண்டு போனேன், உங்க அம்மா வர்றதுக்குள்ள நாம ரெண்டு பேரும் திண்டுக்கல் முழுக்கச் சுத்திருவோம்டா என்று. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை. வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை. அந்த ரோட்டில் ஆயிரம் தடவை போயிருக்கிறேன், வேகத்தடை இருப்பது தெரியாதா எனக்கு. பேசிக்கொண்டிருந்தேன். கடைசி நொடியில் பார்த்துவிட்டு பிரேக்கைப் பிடித்தேன். பிடித்த பிரேக் வண்டியை நிறுத்தியது, அவனை நிறுத்தவில்லை. பதினான்கு. பதினைந்து. இப்போது இடது கால்.

முதுகு அடிபட விழுந்தான். விழுந்தவன் உடனே எழுந்து உடம்பை உதறிக்கொண்டான், உதறியதைப் பார்த்து நானும் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு நடந்துதான் வந்தான், வண்டியைத் தள்ளிக்கொண்டு நானும் கூடவே. திங்கட்கிழமை முழுக்கச் சரியாகத்தான் இருந்தான். கொஞ்சம் கூன் போட்ட மாதிரி நின்றானோ? எழுந்திருக்கும்போது ஒரு தடவை கத்தினானோ? கத்தினான். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன் அப்போது. அல்லது அது சனிக்கிழமையா. சனிக்கிழமையே கத்தினான் என்றால் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சனிக்கிழமையா திங்கட்கிழமையா, இதை எத்தனை தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு தடவை சனிக்கிழமை போலத் தெரிகிறது, இன்னொரு தடவை திங்கள், எது எனக்கு வசதியோ அது அன்றைக்குக் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை காலையில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி எழுந்தான். பின்னால் ஒன்றும் வரவில்லை. திரும்பித் தன் பின்பக்கத்தையே பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். யாரோ தனக்குப் பின்னால் வந்து படுத்துக்கொண்ட மாதிரி பார்த்தான். டாக்டர் தேன்மொழி கால்விரலை இடுக்கியால் அழுத்திப் பார்த்தார், அவன் முகத்தைத் திருப்பிக் கத்தினான், டாக்டர் முகத்தில் வெளிச்சம் வந்தது. வலி தெரியுது சார், அதுதான் நல்ல சேதி, வலி தெரியற வரைக்கும் நம்பிக்கை இருக்கு. ஆபரேஷன் என்றால் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அந்தக் குலுக்கலே இவனுக்கு ஆகாது, மருந்தும் ஓய்வுமாகப் பார்ப்போம் என்றார். எப்படி ஆச்சு என்று கேட்டார். கட்டிலில் இருந்து குதித்தான் என்றேன். அமலியிடம் ஏற்கெனவே அப்படிச் சொல்லியாகிவிட்டது, இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எப்படிச் சொல்வது. அவர் தலையை ஆட்டினார். இந்த ஜாதி நாய்களுக்கு முதுகுத்தட்டு சின்ன வயசுலயே காய்ஞ்சு போயிரும் சார், குதிச்சாலும் பிதுங்கும், சும்மா திரும்பினாலும் பிதுங்கும், உங்க தப்பு ஒண்ணும் இல்ல. உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. அந்த வார்த்தையை வாங்கி வந்து பத்து நாள் பத்திரமாக வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் காலைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அதில் ஓட்டை விழுந்தது. அது கட்டிலுக்குச் சொன்ன பதில். நான் சொன்னது கட்டிலைப் பற்றி, அவர் சொன்னதும் கட்டிலைப் பற்றி. வண்டிக்கு என்ன பதிலோ, அதை நான் கேட்கவே இல்லை. கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வார், சொல்வாராக இருக்கும். அப்படியானால் கேட்க வேண்டியதுதானே. கேட்கவில்லை.

பிரேக். என் காலுக்கு அதுதான் தெரியும். கொடைக்கானல் மலையில் டம்டம் பாறைக்கு மேலே ஒரு வளைவு, இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால், மழை விட்டு ரோடு ஈரமாக மினுங்குகிறது. ஒரு கார்க்காரன் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, வளைவிலேயே என்னைத் தாண்டி, தாண்டும்போது கண்ணாடியை இறக்கி என்னவோ சொன்னான். அம்மாவைச் சேர்த்துச் சொன்னான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அவனை விடக் கூடாது என்று இறக்கத்தில் மிதித்தேன், அவன் விளையாட்டுக்கு முன்னால் நிறுத்தினான், நான் பிரேக்கில் ஏறி நின்றேன். ஐம்பது பேர் வண்டிக்குள் முன்னால் சாய்ந்தார்கள். பெருமாள்மலையில் ஏறிய ஒரு பெண் படிக்கட்டுப் பக்கம் மூட்டையோடு நின்றிருந்தவள், பட்டர் ஃப்ரூட் மூட்டை, மூட்டை படியில் உருண்டு பழங்கள் ரோடெல்லாம் ஓடின, அவள் படி விளிம்பில் முதுகு பட விழுந்து கிடந்தாள். எழுந்திருக்கவில்லை. காலு எங்கய்யா, என் காலு எங்க என்று கேட்டாள். கால் அங்கேதான் இருந்தது. பேர் முத்துப்பேச்சி. அந்தப் பேர் எனக்குத் தெரியும், ஏனென்றால் விளக்கக் கடிதத்தில் நானே எழுதினேன். முத்துப்பேச்சி என்ற பயணி நிலை தடுமாறி. மாடு ஒன்று குறுக்கே வந்ததால் பிரேக் பிடிக்க நேர்ந்தது. மாடு. அந்த வளைவில் எந்தக் காலத்தில் மாடு வந்திருக்கிறது. கண்டக்டர் இஸ்மாயில் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, ஒரு தடவ ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பொம்பளையப் பாத்துட்டு வந்துரு சவரிமுத்து என்றார். போனேன். ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு போனேன். கேட் வரைக்கும் போனேன். உள்ளே போனால் அவள் புருஷன் இருப்பான், மாடு எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்று கேட்பான். வலப்பக்கமா இடப்பக்கமா என்று நான் யோசித்து வைக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். ஹார்லிக்ஸை ரெஜினா குடித்தாள். அந்தப் பெண் நடந்தாளா? தெரியாது. இஸ்மாயிலுக்குத் தெரிந்திருக்கும். டிப்போவில் எட்டு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. அவளுக்கு யாராவது இப்படிக் காலைப் பிடித்துச் சுற்றிவிட்டிருப்பார்களா. பதினைந்து, பதினைந்து என்று எண்ணியிருப்பார்களா. நான் எண்ணுவதை விட்டு எவ்வளவு நேரமாகிறதோ, இடது காலைச் சுற்றிக்கொண்டே இருக்கிறேன், போதும், போதும், வலிக்கப் போகிறது. வலித்தால் நல்லது. வலிக்குதாடா? விரலுக்கு நடுவில் நகத்தால் கொஞ்சம் அழுத்துகிறேன். தலை திரும்புகிறது, என் கையை மெதுவாக வாயில் பிடித்துக்கொள்கிறான், கடிக்காமல், விட்டுரு என்கிற மாதிரி. சரிடா, விட்டுட்டேன். கால் மட்டும் தானாக இழுத்துக்கொள்ளவில்லை.

எதிர் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். கேட்டுக்கு வெளியே நின்று, பாவம் அது படுற பாட்டைப் பாக்க முடியல, ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிருங்களேன் என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். அனுப்பிருங்க. எங்கே அனுப்புவது. மாத்திரையை அவித்த முட்டையின் வெள்ளைக் கருவுக்குள் செருகி நீட்டினால் நம்பிக்கையோடு வாங்கிக்கொள்கிற இவனையா. நேற்று மாத்திரையை மட்டும் பிரித்துத் துப்பிவிட்டு முட்டையைத் தின்றான். புத்தி இருக்கிறது. பாதி உடம்பு போனாலும் புத்தி போகவில்லை, அதுதான் எனக்குப் பயம், போயிருந்தால் தேவலை என்று தோன்றும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பு. ஆறு வாரம் முடிந்தும் எழவில்லை என்றால்? சக்கரம் வைத்த வண்டி ஒன்று இருக்கிறதாம், பின்பக்கத்தை அதில் கட்டிவிடலாமாம், டாக்டர் போனில் படம் காட்டினார். சக்கரம் என்றால் எனக்குப் பழக்கம்தான். ஆனால் எனக்கே எழுபது வயதானால், நானே குனிய முடியாமல் போனால், நாலு வேளை இவன் வயிற்றைத் தேடிப் பிடிக்க யார் இருப்பார்கள். அமலி இருப்பாள். அவள் கை மெதுவான கை. ரெஜினாவை, இப்போது ரெஜினாவின் பிள்ளையை, எல்லாவற்றையும் அந்தக் கைதான் கழுவித் துடைத்தது, நான் ஒரு தடவைகூட என் பிள்ளையின் துணியை மாற்றியதில்லை. டியூட்டி, டியூட்டி. அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக ஒரு உயிரின் பின்பக்கத்தைத் துடைக்கிறேன், பவுடர் போடுகிறேன், சிவந்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன். முதல் நாள் குமட்டியது. இப்போது ஈரத்துணி காய்கிற வாசனை என் சட்டையிலேயே இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு ஆகப்போகிறது. குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்க வைத்துவிட்டு அமலி கூப்பிடுவாள். நான்தானே கட்டில்ல ஏத்திப் பழக்குனேன். இன்றைக்கும் சொல்லுவாள். சொன்னால் நான் என்ன செய்வேன். நேற்றுச் செய்ததைத்தான் செய்வேன், ம் என்பேன். அந்த ம். மாட்டுக்காவது வாய் கிடையாது, பழியை யார் மேலும் போடவில்லை என்று இருபத்தோரு வருஷமாகச் சொல்லிக்கொள்ளலாம். இங்கே மாட்டுக்குப் பதிலாக நான் அமலியை அல்லவா குறுக்கே விட்டிருக்கிறேன்.

போன் அடிக்கிறது. வீடியோ கால். ஓசூர் வெளிச்சம், அவள் நெற்றியில் வியர்வை, தோளில் குழந்தைத் துண்டு.

"என்னங்க, வந்துச்சா?"

"கொஞ்சமாத்தான் வந்துச்சு. நாலு மணிக்குப் பாக்கணும்."

"கால்ல ஏதாவது?"

"இல்ல. அப்படியேதான்."

அவள் பெருமூச்சு விட்டாள். "எல்லாம் நான் செஞ்சது. கட்டில்ல ஏத்தி..."

"அமலி, கட்டில் இல்ல."

"என்னது?"

"கட்டில்ல இருந்து குதிக்கல. நான் வண்டியில கூட்டிட்டுப் போனேன். ஸ்கூல் முன்னாடி ஸ்பீட் பிரேக்கர்ல பிரேக் போட்டேன், கீழ விழுந்துட்டான். நான் பாக்கல. பேசிக்கிட்டே போனேன். உன் மேல ஒண்ணும் இல்ல."

வேகமாகச் சொல்லிவிட்டேன், இறக்கத்தில் கியர் இல்லாமல் விட்ட மாதிரி. அவள் முகம் அசையவில்லை. நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன், பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. "டாக்டர்கிட்டயாவது இதைச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். திரை கறுப்பாகிவிட்டது. கட் செய்துவிட்டாள்.

டாக்டர்கிட்டயாவது. அவள் முதலில் கேட்டது அதைத்தான். என்னைப் பற்றி இல்லை, தன்னைப் பற்றிக்கூட இல்லை, இவனுக்கு வைத்தியம் தப்பாகப் போயிருக்குமோ என்று. எனக்கு அது தோன்றவே இல்லை, இருபத்திரண்டு நாளில் ஒரு நாள்கூட. பழி யாருக்கு என்றே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். டாக்டர் பேரைத் தேடி அழுத்தினேன். டாக்டர் எடுத்தார், பின்னால் ஒரு மாடு கத்துகிறது, எங்கேயோ கேம்பில் இருக்கிறார் போல. சொன்னேன். வண்டி, வேகத்தடை, முதுகு, ஞாயிற்றுக்கிழமை. "ஏன் சார் அன்னைக்கே சொல்லல" என்றார். அப்புறம், அன்றைக்கு எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் இல்லை, அதனால் வைத்தியம் மாறாது என்றார். ஆனாலும் வெள்ளிக்கிழமை கொண்டுவாங்க, இன்னொரு படம் எடுத்துப் பாத்துருவோம், இனிமே எதையும் மறைக்காதீங்க. உங்கள் தப்பு இல்லை என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. சொல்லாதது ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. வீடு அப்படியே நிற்கிறது. குக்கர் கழுவாமல் கிடக்கிறது. அமலி இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள், அழுகிறாளா, ரெஜினாவிடம் சொல்கிறாளா, உங்க அப்பா செஞ்ச வேலையைப் பாரு என்று. முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என் போனைப் பாதியில் வைத்தது இல்லை. இவனுக்கு வெயில் காட்ட வேண்டும், தினம் பத்து நிமிஷம், துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்து நிற்க வைக்க வேண்டும். செய்ய வேண்டியதைச் செய்வோம். துண்டை மடித்து அடியில் விட்டேன். இரண்டு முனையையும் மேலே சேர்த்துப் பிடித்தேன், பை தூக்குகிற மாதிரி, பின்பாதி என் கையில் தொங்க, முன்னங்காலால் அவன் நடக்க, பெல்ட் விலாவில் குத்த, இருவரும் பின்வாசலுக்கு வந்தோம். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வெயில். போன் சட்டைப் பையில் அடித்தது.

எடுத்தேன். இந்தத் தடவை முகம் இல்லை, குரல் மட்டும். "ரெஜினா முன்னாடி பேச வேணாம்னு மாடிக்கு வந்திருக்கேன்" என்றாள். அப்புறம் ஆரம்பித்தாள். "மூணு வாரமா நான் ராத்திரி தூங்கலங்க. தெரியுமா உங்களுக்கு? பச்சப்புள்ளய மடியில வச்சுக்கிட்டு அந்த வாயில்லா ஜீவனை நெனச்சு அழுதுட்டு இருக்கேன். நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன்னு. ஜெபத்துல ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்டேங்க, செய்யாத தப்புக்கு. ம்னு சொன்னீங்களே நேத்து, எப்படிங்க மனசு வந்துச்சு?" ஒரு கையில் துண்டு, ஒரு கையில் போன். பிளம்ஸ் தரையை மோந்துகொண்டிருக்கிறான், கல்லோரத்தில் பூனை வந்து போயிருக்கும். "விழுந்துச்சுன்னா விழுந்துச்சுன்னு சொல்றதுக்கு என்ன? நான் என்ன உங்க தலையையா சீவியிருப்பேன்? திட்டியிருப்பேன். திட்டி முடிச்சுட்டு அழுதிருப்பேன். அதுகூட உங்களுக்குப் பயமா? இத்தன வருஷம் கூட இருந்து என்னப் பத்தி அவ்வளவுதான் தெரியுமா?" தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். தெரியாது என்பதும் சரியாகத்தான் இருக்கும். அப்போது துண்டில் கனம் குறைந்தது. கொஞ்சம்தான், ஒரு தேங்காய் அளவு கனம், கை மாறிப் பிடித்ததால் இருக்கும் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். மோந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறான், காதைப் பின்னால் மடித்து, எங்கேயோ தூரத்தில் பார்த்தபடி. என் செருப்புக்குப் பக்கத்தில் மண் நனைகிறது. நான் அழுத்தவில்லை. என் கை அவன் வயிற்றில் இல்லை. நிரம்பி வழிகிறதோ? தூக்கும்போது சொட்டுச் சொட்டாக வழிவது எனக்குத் தெரியும், முதல் வாரம் முழுக்க அதைத்தானே துடைத்தேன். இது சொட்டு இல்லை. நின்றது. அவன் இரண்டடி முன்னங்காலை எடுத்து வைத்தான், பூவரசு அடியில் மறுபடி மோந்தான், மறுபடி போனான், நீளமாக, நிதானமாக, இது தன்னுடைய வேலை என்கிற மாதிரி.

"கேக்குதா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லு."

சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் போனில்லாத கையால் துண்டைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறேன், இடுப்பு விண்விண் என்கிறது, கண்ணாடியில் என்னவோ மறைக்கிறது, துடைக்கக் கை இல்லை. தானாகவே மூத்திரம் போனான் அமலி என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். அவள் அங்கேயே மாடியில் உட்கார்ந்துவிடுவாள், எல்லாவற்றையும் மறந்துவிடுவாள், நிஜமாவாங்க, நிஜமாவா என்று கேட்பாள், என் மேல் இருந்த கோபம் அந்த நிமிஷமே போய்விடும். நாக்கு நுனியில் இருக்கிறது. சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் இருக்கிறது, இருபத்திரண்டு நாள் சேர்த்து வைத்தது, பாதிகூட முடியவில்லை. முடிக்கட்டும். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இவன் வெயிலில் நிற்கிறான், மண் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அவள் முழுசாகத் திட்டி முடித்து, மூச்சு வாங்கி, பிளம்ஸ் என்ன பண்றான் என்று கேட்கிற வரைக்கும்.